‘உம்’, ‘அல்லது’, ‘எனில்’: அளவையியலும் நாம் பேசும் மொழியும்

பெயரும் வினையும் மொழியின் பெருஞ்செல்வங்கள். அவற்றின் பின்னே அடங்கி நடக்கும் இடைச்சொற்களை நாம் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. தாமாகத் தனித்து இயங்கும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை என்பர் இலக்கண நூலார். ஆயின் ஓர் உடன்படிக்கையோ, அறக்கட்டளைப் பத்திரமோ, மார்க்கச் சட்டமோ விவாதத்திற்கு வருமிடத்து, அறிஞர்கள் எதிரெதிரே நிற்பது பலகாலும் அச்சிறு சொற்களின் பொருட்டேயாகும்.

‘வறியோரும் தந்தையை இழந்தோரும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்’ என்று ஓர் அறக்கட்டளை அறிவித்ததாகக் கொள்வோம். மாணவன் ஒருவன் விண்ணப்பிக்கிறான். தந்தை உயிருடன் இருக்கிறார்; ஆயினும் அன்றாடக் கூலியே குடும்பத்தின் வருவாய். எழுத்தர் ஒருவர், “வறுமையும் வேண்டும், தந்தையின்மையும் வேண்டும், ‘உம்’ என்றுதானே எழுதியிருக்கிறது?” என்று அதனைத் திருப்பியனுப்புகிறார். மற்றொருவர், “இரண்டில் ஒன்று போதும்” என்று ஏற்கிறார். இருவரும் படித்தது ஒரே அறிவிப்பு. ஒரு மாணவனின் ஓராண்டுப் படிப்பு இங்கே ஓர் உம்மையைப் பற்றிக்கொண்டு நிற்கிறது.

இத்தகைய முடிச்சுகளை அவிழ்க்க உதவும் கலையே அளவையியல். அரபியில் ‘மன்திக்’ எனப்படுவதும் இதுவே. அதன் முதற்படியான கூற்றளவையியலை நம் அன்றாடத் தமிழோடு ஒட்டிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கூற்று என்பது யாது?

மெய் என்றோ பொய் என்றோ சொல்லத்தக்க வாக்கியமே கூற்று. ‘காவிரி வங்கக் கடலில் கலக்கிறது’ என்பது கூற்று, மெய்க்கூற்று. ‘காவிரி அரபிக் கடலில் கலக்கிறது’ என்பதும் கூற்றே, ஆனால் பொய்க்கூற்று. ‘கதவைச் சாத்து’ என்னும் ஏவலும், ‘எப்போது வந்தாய்?’ என்னும் வினாவும், ‘இறைவன் அருள்புரிவானாக’ என்னும் வேண்டுதலும் கூற்றுகள் அல்ல. அவற்றைப் பொருந்தும், பொருந்தா எனலாம். மெய், பொய் எனல் இயலாது.

எளிய கூற்றுகளை இணைத்துக் கூட்டுக் கூற்றுகளை அமைக்கிறோம். கூட்டுக் கூற்று மெய்யா, பொய்யா என்பதை அதன் உறுப்புக் கூற்றுகளின் மெய், பொய் மட்டுமே முடிவு செய்யும் என்பதே இவ்வியலின் அடித்தளம். சொன்னவர் யார், எந்தக் குரலில் சொன்னார், எதற்காகச் சொன்னார் என்பன இதற்குப் புறம்பானவை. இந்த ஒரு கட்டுப்பாட்டினாலேயே இக்கலைக்கு வலிமையும் வந்தது, வறுமையும் வந்தது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டு ஸ்டோயிக் அறிஞர் கிறிசிப்பஸ் இதற்கு வித்திட்டார். இப்னு சீனா (980–1037) நிபந்தனைக் கூற்றுகளை விரிவாக ஆராய்ந்தார். 1879இல் ஜெர்மானிய அறிஞர் ஃபிரேகே இதற்கு இன்றைய குறியீட்டு வடிவம் தந்தார். உறுப்புகளின் மெய், பொய் நிலைகளையெல்லாம் நிரல்பட எழுதிக் காட்டும் மெய்ம்மை அட்டவணையை 1921இல் விட்கென்ஸ்டைனும் போஸ்டும் தனித்தனியே வெளியிட்டனர். மின்சுற்றுகளின் திறப்பும் மூடலும் இதே கணக்கில் இயங்க வல்லவை என்று கிளாட் ஷானன் 1938இல் காட்டியதன் பயனைக் கணினி வழியாக இன்று உலகமே துய்க்கிறது. வரலாறு இவ்வளவில் நிற்க.

எண்ணும்மையும் பிற உம்மைகளும்

இரு கூற்றுகளும் மெய்யானால் மட்டுமே அவற்றின் இணைப்பு மெய். ஒன்று பொய்யாயினும் இணைப்பு பொய். ‘உம்’ என்பதற்கு அளவையியல் தரும் பொருள் இவ்வளவே. தொல்காப்பியர் இடையியலில் இதே சொல்லுக்கு எட்டுப் பொருள் வகுத்தார்: எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். இவற்றுள் அளவையியலார் எடுத்துக்கொண்டது எண்ணும்மை ஒன்றையே. ‘கபீரும் வந்தான்’ என்றால் வேறு யாரோ முன்னரே வந்துவிட்டான் என்பதும் நமக்கு விளங்குகிறது; அஃது எச்சவும்மை. ‘ஆசிரியரும் விடை அறியாத வினா’ என்றால் வினாவின் அருமை புலனாகிறது, அது சிறப்பும்மை. மெய்ம்மை அட்டவணையில் இவற்றிற்குத் தனியிடம் இல்லை.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. தமிழில் ‘உம்’ பெயரோடு எளிதில் ஒட்டும். இரண்டு முற்று வாக்கியங்களை அவ்வளவு எளிதில் இணைக்காது. அவ்விடத்தில் வினையெச்சத்தையே நாடுகிறோம். ‘மருந்துண்டு நலமடைந்தான்’ என்போம். இதில் உண்டது முன், நலமடைந்தது பின் என்னும் கால வரிசை அடங்கிவிடுகிறது. மருந்தினாலேயே நலமடைந்தான் என்னும் குறிப்பும் உடன் வருகிறது. அளவையியலின் இணைப்போ வரிசை அறியாதது. முன்னதைப் பின்னதாக்கினாலும் அதற்கு ஒன்றே. கல்லூரி மாணவர்களுக்கு இப்பாடம் தமிழில் நடத்தப்படும்போது ‘மேலும்’, ‘மற்றும்’ என்னும் சொற்கள் செயற்கையாக ஒலிப்பதற்குக் காரணம் இதுவே என்று கருதுகிறோம்.

வரிசை உண்டா, இல்லையா என்னும் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இறைமறையின் 5ஆம் அத்தியாயம் 6ஆம் வசனம் ஒளுவில் தூய்மை செய்யவேண்டிய உறுப்புகளை ‘வாவ்’ என்னும் இணைப்பெழுத்தால் தொடுத்துக் கூறுகிறது. அவ்வெழுத்து சேர்த்தலை மட்டுமே குறிக்கும், வரிசையைக் குறிக்காது. ஆதலின் வரிசைப்படி செய்தல் சுன்னத்து என்பர் ஹனஃபீ மத்ஹபினர். ஷாஃபிஈ மத்ஹபினர் வரிசையைக் கட்டாயம் என்பர். கழுவவேண்டிய உறுப்புகளுக்கு நடுவே, ஈரக்கையால் தடவவேண்டிய தலை வைக்கப்பட்டிருப்பதை அவர்கள் ஒரு சான்றாகக் காட்டுகின்றனர். சொல்லில் இல்லாத வரிசை, சொற்கள் அமைந்த முறையில் இருக்கிறது என்பது அவர்தம் வாதம்.

இனி, அறக்கட்டளை அறிவிப்புக்கு வருவோம். அதனைப் பிரித்து எழுதினால் இரண்டு நிபந்தனைக் கூற்றுகள் கிடைக்கின்றன: ஒருவர் வறியவர் எனில் விண்ணப்பிக்கலாம், ஒருவர் தந்தையை இழந்தவர் எனில் விண்ணப்பிக்கலாம். ‘உம்’ இணைப்பது இவ்விரு கூற்றுகளை. இவ்விரண்டும் ஒருங்கே மெய்யாக இருப்பதும், ‘ஒருவர் வறியவர் அல்லது தந்தையை இழந்தவர் எனில் விண்ணப்பிக்கலாம்’ என்னும் ஒரே கூற்று மெய்யாக இருப்பதும் அளவையியலில் சமம். விரும்புவோர் அட்டவணை இட்டுச் சரிபார்க்கலாம். வெளியே ‘உம்’ ஆக நின்றது நிபந்தனைக்குள் புகும்போது ‘அல்லது’ ஆகிவிடுகிறது. திருப்பியனுப்பிய எழுத்தரின் பொருள் வரவேண்டுமெனில், ‘வறியோராகவும் தந்தையை இழந்தோராகவும் உள்ளோர்’ என்று எழுதியிருக்க வேண்டும். முன்னதில் உம்மை ஆட்களைக் கூட்டுகிறது. பின்னதில் தகுதிகளைக் கூட்டுகிறது. தகுதிகள் கூடக்கூட ஆட்கள் குறைவர்.

இதனோடு ஒட்டிய விவாதம் ஜகாத்திலும் உண்டு. 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம் ஜகாத்துக்கு உரிய எட்டு வகையினரை இணைத்துக் கூறுகிறது. எட்டும் இணைக்கப்பட்டிருப்பதால் அவர்கள் அனைவரும் பங்குடையோர், ஆதலின் அவர்களுள் கிடைக்கும் எல்லா வகையினருக்கும் பகிர்தல் வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கொள்கை. அவ்வசனம் யார் யாருக்குக் கொடுக்கத்தகும் என்பதையே காட்டுகிறது, ஒரு வகையினருக்கு மட்டும் கொடுத்தாலும் நிறைவேறும் என்பது ஹனஃபீ மத்ஹபின் கொள்கை. இணைப்புச் சொல் ஒன்றே; அஃது எதனை எதனோடு இணைக்கிறது என்பதிலேயே கருத்து வேறுபாடு.

மூவகை ‘அல்லது’

‘தேநீர் அல்லது காப்பி தரலாம்’ என்று விருந்தினரிடம் சொல்கிறோம். இரண்டையும் கேட்பார் என எதிர்பார்ப்பதில்லை. ‘மருத்துவச் சான்றிதழ் அல்லது பெற்றோர் கடிதம் கொண்டுவருக’ என்கிறோம். இரண்டையும் கொண்டுவந்தவனை வெளியே நிறுத்துவதில்லை. இன்றைய அளவையியல் இரண்டாம் பொருளையே தன் ‘அல்லது’ ஆகக் கொண்டது. இரு உறுப்புகளும் பொய்யாக இருந்தால் மட்டுமே அது பொய். ஏனைய மூன்று நிலைகளிலும் மெய்.

இவ்விடத்தில் அரபு அளவையியலாரின் நுட்பம் வியக்கத்தக்கது. அரபு மதரஸாக்களில் நெடுங்காலமாக ஓதப்பட்டுவரும் ‘ஈஸாகூஜி’ என்னும் சிறு நூலை 13ஆம் நூற்றாண்டில் அல்-அப்ஹரீ இயற்றினார். அதனை ஓதிய ஆலிம்கள் விகற்பக் கூற்று மூவகைப்படும் என்பதை அறிவர். ‘இவ்வெண் இரட்டை; அல்லது ஒற்றை’ என்பதில் இரண்டும் சேரவும் முடியாது, இரண்டும் இல்லாதிருக்கவும் முடியாது. அதனை ‘ஹகீகிய்யா’ என்பர். ‘இத்துணி வெண்மை, அல்லது கருமை’ என்பதில் இரண்டும் சேரமுடியாது, ஆனால் துணி பச்சையாகவும் இருக்கலாம். சேர்தலை மட்டும் தடுக்கும் இது ‘மானிஅத்துல் ஜம்உ’. ‘இவ்வெண் 10ஐ விடச் சிறியது; அல்லது 5ஐ விடப் பெரியது’ என்பதில் ஒன்றேனும் பொருந்தியே தீரும்; 7 போன்ற எண்ணுக்கு இரண்டும் பொருந்தும். இரண்டும் இல்லாமற்போதலை மட்டும் தடுக்கும் இது ‘மானிஅத்துல் குலூ’. இன்றைய பாடநூல்களின் ‘அல்லது’வுக்கு நெருங்கியது இம்மூன்றாம் வகையே. தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல்லாக இருக்க, கேட்போர் இடம் நோக்கி உணர்ந்துகொள்கின்றனர்.

மறுப்பைப் பற்றி ஒரு சொல். ‘இருவரும் வரவில்லை’ என்னும் வாக்கியம் ஒருவர்கூட வரவில்லை என்றும் பொருள்படும்; இருவருமாக வரவில்லை, ஒருவரே வந்தார் என்றும் பொருள்படும். ‘உம்’மை மறுத்தால் ‘அல்லது’ பிறக்கும் என்பது அளவையியல் விதி. ‘இருவரும் வந்தனர்’ என்பது பொய்யானால் முதலாமவர் வரவில்லை, அல்லது இரண்டாமவர் வரவில்லை என்பதே மெய். முற்றும்மை சில இடங்களில் எச்சமாதலும் உண்டு என்று நம் இலக்கண நூலார் விதி வகுத்தபோது இந்த இரட்டைத் தன்மையையே கண்டுகொண்டனர்.

‘எனில்’ என்னும் இடர்

இயலின் கடினமான பகுதி இதுவே. தந்தை மகனிடம், “நீ முதல் வகுப்பில் தேறினால் மிதிவண்டி வாங்கித் தருவேன்” என்கிறார். மகன் தேறியும் வண்டி வரவில்லை எனில் தந்தை சொல் தவறியவர். தேறினான், வண்டி வந்தது எனில் சொல் காத்தவர். மகன் தேறவில்லை, வண்டியும் இல்லை எனின் குறை சொல்வார் இலர். தேறாத மகனுக்கும் இரக்கத்தால் வண்டி வாங்கித் தந்துவிட்டால்? அப்போதும் அவர் பொய் சொன்னவர் ஆகார். ஆகவே முன்னுறுப்பு மெய்யாகிப் பின்னுறுப்பு பொய்யாகும் ஒரே நிலையில்தான் நிபந்தனைக் கூற்று பொய். மற்ற மூன்று நிலைகளிலும் மெய் என்பது விதி.

இவ்விதியை முதன்முதல் கேட்கும் மாணவர் முகம் சுளிப்பர். ‘காவிரி அரபிக் கடலில் கலந்தால், இரண்டும் இரண்டும் ஐந்து’ என்பதும் இவ்விதிப்படி மெய்க்கூற்றாகிவிடுமே! இந்த மனக்குறை மிகப் பழையது. கி.மு. 300ஐ ஒட்டி ஃபிலோ, டையோடோரஸ் என்னும் இரு கிரேக்க அறிஞர்கள் இதன்பொருட்டு முரண்பட்டனர். கூரைமேல் அமர்ந்த காக்கைகளும் எந்த நிபந்தனைக் கூற்று மெய் என்றே கரைகின்றன எனக் கலிமாக்கஸ் என்னும் அக்காலக் கவிஞர் நகையாடும் அளவுக்கு அவ்விவாதம் பரவியிருந்தது.

இப்னு சீனாவின் மரபினர் இதற்கு வழி கண்டனர். முன்னுறுப்புக்கும் பின்னுறுப்புக்கும் உள்ளார்ந்த தொடர்பு இருந்தால் அது ‘லுஸூமிய்யா’. தொடர்பின்றித் தற்செயலாக இரண்டும் மெய்யாக அமைந்தால் ‘இத்திஃபாகிய்யா’ என்று பிரித்தனர். ‘கதிரவன் எழுந்தால் பகல்’ என்பது முன்னது. ‘காக்கை கறுப்பெனில் பால் வெண்மை’ என்பது பின்னது. நாம் பேசும் மொழியில் ‘எனில்’ என்பது பெரும்பாலும் லுஸூமிய்யாவே. இன்றைய அட்டவணையோ இவ்வேறுபாட்டைக் காணாது.

நிபந்தனைக் கூற்றிலிருந்து முறையாக முடிவுகொள்ளும் வழிகள் இரண்டே. முன்னுறுப்பு மெய் எனக் கண்டால் பின்னுறுப்பு மெய் எனலாம். பின்னுறுப்பு பொய் எனக் கண்டால் முன்னுறுப்பு பொய் எனலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘அல்-கிஸ்தாஸுல் முஸ்தகீம்’ என்னும் நூலில் இவற்றைத் தராசுகளாக உருவகித்து, இறைமறையிலிருந்தே சான்று காட்டினார். பல தெய்வங்கள் இருப்பின் விண்ணும் மண்ணும் சீர்குலையும் என்னும் கருத்தமைந்த 21ஆம் அத்தியாயம் 22ஆம் வசனம் இரண்டாம் வழிக்கு அவர் காட்டும் சான்று. சீர்குலைவு இல்லை, ஆதலின் பல தெய்வங்களும் இல்லை.

தவறான வழிகளும் இரண்டு. அவற்றுள் ஒன்று நம் தெருத் திண்ணைகளில் நாள்தோறும் நடமாடுகிறது. ‘வட்டிக்கு விடுபவன் விரைவில் மாடிவீடு கட்டுவான். இன்னார் விரைவில் மாடிவீடு கட்டிவிட்டார். ஆகவே...’ முற்கூற்றையே மெய் என ஒப்புக்கொண்டாலும் இம்முடிவு பிறவாது. வெளிநாட்டில் உழைத்தவனும் கட்டுவான். பாட்டன் நிலத்தை விற்றவனும் கட்டுவான். ஒருவர் மானத்தைப் பறிக்கும் பல வதந்திகளின் எலும்புக்கூடு இந்த ஒரு பிழையே.

மற்றொன்று, முன்னுறுப்பு இல்லை எனக் கண்டு பின்னுறுப்பும் இல்லை என்பது. இதனைப் பிழை என்று அளவையியல் தள்ளிவிடும். மொழி அவ்வாறு எளிதில் தள்ளுவதில்லை. தந்தை சொன்னதைக் கேட்ட மகன், ‘தேறாவிட்டால் வண்டி இல்லை’ என்றும் விளங்கிக்கொள்கிறான். அவ்வாறு விளங்கவேண்டும் என்பதே தந்தையின் கருத்தும். பால் கிரைஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1967இல் நிகழ்த்தி 1975இல் அச்சான உரையில், சொல்லப்பட்டது வேறு, சொன்னதனால் குறிப்பாக உணரப்படுவது வேறு என்று பிரித்துக் காட்டியதற்குப் பின் மேலைநாட்டார் இதனைப் பெரிதும் ஆராயத் தொடங்கினர்.

இஸ்லாமியச் சட்டவியலில் இவ்வினா அதற்குப் பன்னூற்றாண்டுகள் முன்னரே தீவிரமாக எழுந்தது. 65ஆம் அத்தியாயம் 6ஆம் வசனம், மணவிலக்குப் பெற்ற பெண்கள் கருவுற்றிருப்பின் மகப்பேறு வரை அவர்களுக்குச் செலவு செய்யுமாறு பணிக்கிறது. மீட்டுக்கொள்ள இயலாதவாறு விலக்கப்பட்ட ஒரு பெண் கருவுற்றிருக்கவில்லை. இத்தாக் காலத்தில் அவளது உணவுக்கு யார் பொறுப்பு? நிபந்தனை இல்லாதபோது கட்டளையும் இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபினர் கொள்ளும் பொருள். ‘மஃப்ஹூமுல் முகாலஃபா’, அதாவது எதிர்நிலைப் பொருள், என்னும் விதியின் ஒரு வகை இது. அவர்கள் முடிவில் அப்பெண்ணுக்கு உறைவிடம் உண்டு. உணவுச் செலவு இல்லை. ஹனஃபீ மத்ஹபினர் அவ்விதியை ஏற்பதில்லை. கருவுற்றவளைப் பற்றி அவ்வசனம் பேசுகிறது. கருவுறாதவளைப் பற்றி அது வாய்திறக்கவில்லை. வாய்திறவாமை மறுப்பு ஆகாது. பிற சான்றுகளையும் கொண்டு, இத்தா முடியும்வரை அவளுக்கு உணவும் உறைவிடமும் உண்டு என அவர்கள் தீர்த்தனர். அளவையியல் மாணவன் ஹனஃபீ வாதத்தில் தன் அட்டவணையைக் காண்பான். மொழியியல் மாணவன் ஷாஃபிஈ வாதத்தில் மக்கள் பேசும் முறையைக் காண்பான். இரு தரப்பினரும் அரபு மொழியை நுணுகிக் கற்ற மேதைகள். ‘எனில்’ என்ற ஒரு சொல்லில் ஒரு பெண்ணின் மூன்று மாத உணவு அடங்கியிருப்பதை அவர்கள் அறிந்தே வாதிட்டனர்.

தமிழர் இவ்வகையில் நற்பேறு உடையோர். ‘தேறினால் வாங்கித் தருவேன்’ என்பதில் எதிர்நிலைப் பொருள் உண்டா என்னும் ஐயத்திற்கு இடமுண்டு. ‘தேறினால்தான் வாங்கித் தருவேன்’ என்றால் ஐயமில்லை. தேறாதபோது வண்டி இல்லை என்பது சொல்லிலேயே வந்துவிட்டது. ‘தான்’ என்னும் ஒட்டு, நிபந்தனையின் திசையையே திருப்பிவிடுகிறது. விதிமுறைகளும் பத்திரங்களும் எழுதுவோர் ‘ஆல்’ போதுமா, ‘ஆல்தான்’ வேண்டுமா என்று நின்று எண்ணினால் பின்னர் எழும் வழக்குகள் பல எழாமலே போகும்.

மகன் முகவாட்டத்தைக் கண்டு அத்தந்தையே, “தேறாவிட்டாலும் வாங்கித் தருவேன்” என்கிறார் எனக் கொள்வோம். இங்கு வந்திருப்பது எச்சவும்மை. தேறினால் வாங்கித் தருவது அதனுள் அடங்கியிருக்கிறது. தேறாவிட்டால் வாங்கித் தருவது வெளிப்படையாக இருக்கிறது. இரு நிபந்தனைக் கூற்றுகளையும் இணைத்து அட்டவணை இட்டால் தேர்வு முற்றிலும் மறைந்து, ‘வாங்கித் தருவேன்’ என்னும் பின்னுறுப்பு ஒன்றே எஞ்சுகிறது. அட்டவணையில் தனியிடம் இல்லை என்று முன்னர் நாம் கூறிய எச்சவும்மை, இங்கே நிபந்தனையோடு சேர்ந்தவுடன் அட்டவணைக்குள்ளேயே வந்து அமர்ந்துவிடுகிறது.